வரிசை எண்

மருத்துவமனைக்குத் தான் எழுதிக் கொடுத்த செயலி எப்படி ஓடுகிறது என்று பார்க்க, வான்மதி அன்று காலை ஆண்கள் வார்டுக்கு வந்திருந்தாள். சிஸ்டர் ரெஜினா டேப்லெட் கணினியை நீட்டினாள். "பேப்பர் வேலையே போச்சு மேடம். ஊசி போட்டதும் பேருக்கு நேரா ஒரு டிக், அவ்வளவுதான்."

மூன்றாம் படுக்கைக்காரர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். ரெஜினா அவர் பெயரை நீக்கினாள். கீழே இருந்த பெயர்கள் ஒரு வரி மேலே ஏறின. டிக்குகள் மட்டும் ஏறாமல் இருந்த இடத்திலேயே நின்றன. போனவருடைய டிக் இப்போது நான்காம் படுக்கை சண்முகவேலின் பெயருக்கு நேரே இருந்தது.

வான்மதிக்குத் தன் தவறு புரிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் அந்தப் பட்டியலை எழுதியபோது ஒவ்வொரு வரிக்கும் நோயாளியின் எண்ணை அடையாளமாகக் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"சண்முகவேலுக்கு ஊசி போட்டாச்சா சிஸ்டர்?"

"போட்டாச்சே. டிக் இருக்கே."

"எனக்கு இன்னும் யாரும் போடலம்மா" என்றார் நான்காம் படுக்கையிலிருந்த கிழவர்.

வான்மதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது எத்தனை நாளா ஓடுது?"

"ஒன்பது நாளா. ஏன் மேடம்?"

"இந்த ஒன்பது நாள்ல எத்தனை பேரை டிஸ்சார்ஜ் பண்ணீங்க?"

ரெஜினா விரல் மடக்கி எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். முந்தாநாள் காலியான எட்டாம் படுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரை நாங்க டிஸ்சார்ஜ் பண்ணல மேடம்" என்றாள்.