குறையாத எடை

எடை மெஷினைக் குனிந்து பார்த்த டாக்டர் கோகிலவாணிக்குக் கோபம் வந்தது.

“ஐயா, போன தடவை இருந்த அதே எடைதான் இருக்கு. எடை குறைஞ்சாத்தான் முட்டிவலி குறையும்னு சொன்னேனே?”

“வலி பாதி போயிருச்சுங்க டாக்டரம்மா” என்ற பொன்னன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தும் காட்டினார். “நீங்க சொன்னாப்பல பத்துக் கிலோ குறைச்சாச்சுங்க.”

“எங்கே குறைஞ்சிருக்கு?”

“என்ற சம்சாரம் சின்னாயி குறைச்சுட்டாளுங்க. அவளுக்கும் முட்டிவலிதான். ஊட்டுல இருந்து பஸ் நிக்கற வளப்பூர் ரோட்டு மேடு வரைக்கும் இத்தன நாளா அவளை நான்தானுங்க முதுகுல சுமந்தேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “இப்போ சுமக்க லேசா இருக்கா?”

“எங்கீங்க சுமக்க உடறா? இன்னைக்கு எனக்கு முன்னாடியே மேடேறி, பஸ்ஸுல எனக்கும் எடம் போட்டு வச்சிருந்தாளுங்க!”