முழங்கைக் கறுப்பு

ஜன்னல் வெயிலில் தங்கையின் கை மேசைமேல் நீண்டிருக்கிறது. அக்கா பழுப்பு வண்ணத்தில் துளி சிவப்பைக் குழைத்து அந்தக் கையில் ஒரு பொட்டு வைக்கிறாள். பொட்டு தோலோடு தோலாகக் காணாமல் போகிறது. அதே வண்ணத்தைச் சாண் உயரக் கோல்கீப்பர் பொம்மையின் முகத்தில் தடவுகிறாள். பொம்மையும் தங்கைதான், அதே மூக்கு, அதே முறைப்பு. "கொஞ்சம் வெள்ளை கலந்தா என்ன கொறஞ்சா போயிடுவ? நாலு பேர் பாக்கற பொம்மை," என்கிறாள் பின்னால் நிற்கும் சித்தி. "நாலு பேரும் நல்லாப் பாக்கட்டும் சித்தி," என்றபடி அக்கா வெள்ளைப் புட்டியைத் திறக்கிறாள். சித்தியின் முகம் மலர்கிறது. ஊசிமுனை அளவு வெள்ளை பொம்மையின் கண்ணுக்குள் போகிறது. புட்டியின் மூடி இறுகுகிறது. பிறகு அக்கா, தங்கையின் முழங்கையைத் திருப்பி வெயிலில் பார்த்துவிட்டு, பொம்மையின் முழங்கைக்காகப் பழுப்பில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலக்கிறாள்.