ஆயிரம் நாமம் முடியட்டும்

“சாவியைத் தொடாதேடா. நான் சொல்றவரைக்கும் அதுல கையே வெக்கப்படாது.”

“சரிப்பா. இனிமே தொடலை,” என்றான் அச்சுத்.

சக்ரவர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் ஒரு அதட்டல் போட்டால் தெரு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவருக்கு, என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டால் மட்டும் குலை நடுங்கிவிடும்.

காரணம் தெருவுக்கே தெரியும். பாலாற்றுப் பாலத்தில் டாக்சி கவிழ்ந்தபோது, அவர் மனைவி பூமா அவர் தோளில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். ஆட்கள் வந்து அவரை வெளியே இழுக்கும்வரை அந்த என்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து பஸ், ஆட்டோ எதிலும் அவர் ஏறியதில்லை. பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் இல்லை.

அந்தப் பக்கம்தான் பெண் ஸிந்துஜாவின் புக்ககம். அம்மா இல்லாத வீட்டில் பிரசவத்தை யார் பார்ப்பார்கள் என்று, அவள் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். இன்று குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். என் அப்பா வந்து காதில் பேர் சொன்னால்தான் குழந்தையைத் தொட்டிலில் விடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

காலையிலிருந்து இரண்டு டாக்சி வந்து போய்விட்டன. டிரைவர் சாவியைத் திருப்பிய மறுநொடியே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார் சக்ரவர்த்தி. கடைசியில்தான் அச்சுத், “என் வண்டியில ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கோப்பா,” என்று கெஞ்சி, வீட்டு வாசலில் நின்ற காரில் உட்கார வைத்தான்.

அவன் வண்டி என்பதுகூடத் தப்பு. சென்னையில் அவன் வேலை பார்க்கும் ஷோரூமின் பேட்டரி கார் அது. தீப்பெட்டி மாதிரி குட்டியாக இருக்கும். நேற்று ஊருக்கு வந்ததும் ஜன்னல் வழியாக வயரை இழுத்து, கிரைண்டர் பிளக்கில் சொருகி ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டான். தெருவே கூடி வாயைப் பிளந்தது. முன்மூடியைத் திறந்தால் என்ஜினைக் காணோம். பின்னால் குனிந்து பார்த்தால் புகைக்குழாயும் இல்லை. சக்ரவர்த்திக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனாலும் என்ஜின் இல்லாமல் ஒரு கார் ஓடுமா? எங்கேயோ ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள், கிளப்பினால் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

“பயப்படற மாதிரி இருக்காதுப்பா.”

“டாக்சிக்காரனும் இதையேதான் சொன்னான். பெருமாளோட ஆயிரம் நாமத்தையும் சொல்லி முடிச்சுக்கறேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. அதுக்கும் பயம் போகலைன்னா இறங்கிடுவேன். என்னைக் கோச்சுக்கப்படாது.”

“நிதானமா சொல்லுங்கோப்பா.”

ஆரம்பித்தார். ஏசியின் முனகல் மெல்லக் கேட்டது. எங்கேயோ தறிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. உடம்பு லேசாக ஆடியது. தலை கிறுகிறுத்தது. என்ஜின் கிளம்புவதற்கு முன்பே இந்த லட்சணமா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது அவருக்கு.

நடுவில் நிறுத்தினார். “இந்த வண்டியை யாருடா வாங்கறா?”

“எல்லாரும் தொட்டுப் பார்க்கறா, ஆச்சரியப்படறா, பெட்ரோல் கார் வாங்கிண்டு போயிடறா.”

“ஏனாம்?”

“பாதி வழியில சார்ஜ் தீர்ந்துட்டா என்ன பண்றதுன்னு கவலை. பெட்ரோல்னா பங்க்ல ரொப்பிண்டு அடுத்த நிமிஷம் கிளம்பிடலாம். இது ஒரு ராத்திரி கேக்கும். ஆனா ஓட்டற செலவு அதுல கால்வாசி வராதுப்பா.”

“அவா கவலையும் நியாயம்தான்,” என்று சொல்லிவிட்டு, விட்ட நாமத்திலிருந்து தொடர்ந்தார். ஆனால் மனம் எங்கே நிற்கிறது? கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறுத்தினார்.

“மழை பேஞ்சா ஷாக் அடிக்குமா?”

பதில் வரவில்லை.

“அச்சுத்?”

“அடிக்காதுப்பா. பேட்டரியை சீட்டுக்கடியில நன்னா மூடி வெச்சிருக்கா. பெட்ரோல் டேங்க் கிடையாது, அதனால பெட்ரோல் பத்திக்கற பயமும் இல்லை.” பிள்ளையின் குரல் கம்மியிருந்தது. “நீங்க நாமத்தைச் சொல்லுங்கோ.”

அவனுக்கும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், தன்னால் அவனுக்கும் கஷ்டம். அதற்குமேல் எதுவும் கேட்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

ஆயிரமும் முடிந்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. இன்னும் பார்த்திராத பேத்தியை நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“சரிடா. ஸ்டார்ட் பண்ணு.”

அவர் பக்கத்துக் கதவுதான் திறந்தது. இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இறக்கிவிடப் போகிறான். பெற்ற பெண்ணுக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது.

அப்போது மடியில் இளஞ்சூடாக ஏதோ ஒன்று வந்து படுத்து, அவர் வயிற்றில் உதைத்தது.

“பேரைச் சொல்லுங்கோப்பா,” என்றது ஸிந்துஜாவின் குரல்.

கண்ணைத் திறந்தார். மடியில் பேத்தி. எதிரே மாவிலைத் தோரணம் கட்டிய சம்பந்தி வீட்டு வாசல். பிரமித்துப்போய் மகன் பக்கம் திரும்பினார்.

“பாலம்?”

“மழை பேஞ்சா ஷாக் அடிக்குமான்னு கேட்டேளே, அப்போ நடுப்பாலத்துல போயிண்டிருந்தோம்பா.”