கச்சானார் வாறார்

இந்தக் காலத்துச் சனத்துக்குத் தலைவனைத் தெரிவு செய்யவும் பொறுமை கிடையாது. முகம் பார்ப்பதில்லை, ஆர் எவர் என்று விசாரிப்பதில்லை. ஒரு பெயரைத் தட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விடுகிறார்கள். இப்படிப் புறுபுறுத்தபடியே தேவராசாவும் தட்டினார், தன் பரம எதிரியின் பெயரை.

கையில் மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய டாப்லெட். அதற்குள் பறங்கியர் காலத்துப் பாய்க்கப்பல் விளையாட்டு. பத்துப் பேர் பறங்கியர் பக்கம், பத்துப் பேர் ஒல்லாந்தர் பக்கம். சண்டை தொடங்க முன்னம் ஒவ்வொரு பக்கமும் வாக்குப் போட்டு ஒரு தளபதியை எடுக்க வேண்டும். முழங்கால் விட்டுப்போன பருத்தித்துறைக் கிழவருக்கு இப்போது கடல் என்றால் இதுதான்.

'கச்சான்' என்ற பெயரில் ஒருவன் ஒரு கிழமையாக அவர் பக்கம் விளையாடுகிறான். கச்சான் கடலை விற்கிறவனோ தளபதி என்று பாரிசிலிருந்து எமில்ராஜ் என்பவன் நக்கலடித்தான். கடற்காரர் மேல்காற்றையும் கச்சான் என்றுதான் சொல்வார்கள் என்பது, கச்சான் கொறிக்க மட்டும் தெரிந்த அந்தக் கூட்டத்துக்கு விளங்காது.

தேவராசாவுக்கு விளங்கியது. முதல் நாளே அவன் எழுதினான்: "கச்சானார் வாறார், பாயைச் சுருக்குங்கோ."

காற்றுக்கும் மரியாதை கொடுத்துக் கதைக்கிறவன் அந்தக் கரையில் ஒருவன்தான், கனகரத்தினம். அவனுடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போன தேவராசாவின் மைத்துனன் குகதாசன், சாப்பிட இருக்கும்போது அதை அப்படியே நடித்துக் காட்டுவான். அவன் தமக்கை, தேவராசாவின் மனைவி நாகேஸ்வரி கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

இப்போது கனகரத்தினம் கனடாவில். பதினான்கு வருடத்துக்கு முன் இஞ்சின் நின்றுபோன அவனுடைய வள்ளத்தைத் தேவராசாதான் கயிறு போட்டு இழுத்து வந்தார். நடுவழியில் கடல் எழும்பியது. அன்று கரைக்குத் தேவராசா மட்டும் வந்தார். கனகரத்தினத்தை மறுநாள் வேறு ஆட்கள் தூக்கி வந்தார்கள். குகதாசன் வரவேயில்லை.

"கயிறு அறுந்து போச்சு" என்று தேவராசா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினார். நாகேஸ்வரி புருஷனை நம்பினாள். கனகரத்தினமோ கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, அது அறுந்த கயிறில்லை, வெட்டின கயிறு என்றான். கை உயர்த்தித் தேவராசாவைத் தலைவர் கதிரையிலிருந்து இறக்கி, அவனை ஏற்றினார்கள். அன்று உயர்ந்த கைகள் இன்னும் அவருடைய கண்ணுக்குள் நிற்கின்றன.

அதனால்தான் இன்று அவனையே தளபதியாக்கப் பார்த்தார். தளபதியின் கப்பலில் சிவப்புக் கொடி பறக்கும். எதிரியின் பீரங்கி முழுக்க அங்கேதான் திரும்பும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கடல் தெரிந்த ஆள், இவரைப் போடுங்கோ என்று எல்லாருக்கும் சிபாரிசு எழுதினார். ஏழு வாக்கு விழுந்தது.

நல்ல மத்தியானம். குசினியில் சத்தமே இல்லை. சமையல் முடிந்திருக்கும் என்று நினைத்தார்.

கால் மணித்தியாலத்தில் தளபதியின் பாய்மரம் முறிந்தது. ஆராவது கயிறு போட்டு இழுங்கோ என்று கேட்டு எழுதினான். தேவராசா மற்றவர்களை முந்திக்கொண்டு போய்க் கயிறு போட்டார். பாதித் தூரம் இழுத்தும் வந்தார். தப்பிவிட்டோம் என்று அவன் நம்ப வேண்டாமோ?

"கச்சானார் வாறார். கயிறு கவனம், அண்ணை."

அண்ணையாம். தேவராசா திரையிலிருந்த கத்திப் படத்தில் பெருவிரலை வைத்து அமத்தினார். சிவப்புக் கொடி சரிந்து தண்ணீருக்குள் போவதை நெஞ்சு குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார். உவனைத் தளபதியாக்கச் சொன்ன கிழடைத்தான் முதலில் தாக்க வேணும் என்று எமில்ராஜ் ஏசினான். அது அவருக்கு உறைக்கவில்லை.

"என்ன நடந்தது, அண்ணை?" தண்ணீருக்குள் தாண்ட கப்பலிலிருந்து கேள்வி வந்தது.

"கயிறு அறுந்து போச்சு" என்று ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தட்டினார்.

குசினிக் கதவு திறந்தது. நாகேஸ்வரி வந்து தன்னுடைய போனை அவர் முன்னால் நீட்டினாள். அதே கடல், அதே தாண்ட கப்பல், மேலே 'கச்சான்' என்ற பெயர். கீழே தேவராசாவின் கப்பல், அதன் பக்கத்தில் கயிற்றை வெட்டியது ஆர் என்று காட்டுகிற கத்திப் படம்.

இவள்தான் கச்சான் என்பதைத் தேவராசா நம்பவில்லை. கரையில் நின்றவளுக்குக் காற்று எங்கே தெரியும்? கனகரத்தினம்தான் கனடாவிலிருந்து சொல்லிக்கொடுத்து இவளை ஆட்டுவிக்கிறான்.

"உது விளையாட்டு. விளையாட்டுக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு என்னோடை கதைக்க வராதை" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து வாசல் படலைப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் நாகேஸ்வரி சத்தம் போடாமல் சொன்னாள்:

"அப்ப, தம்பியின்ரை கயிறும் அறுந்ததில்லை."