பதினோராம் கட்டில்

"பத்துப் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க. பதினோராம் கட்டிலுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீங்க அக்கா?" என்று கேட்டாள், வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஸாலிஹா.

தாதி அன்னப்பூரணி கொம்பியூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய பதிவேடுகளை எல்லாம் சுனாமி வாரிக்கொண்டு போனபிறகு, அந்த வாவிக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்த செல்லப்பிள்ளை அது. இப்போது சண்டை முடிந்த வருசம். வார்டு நிரம்பி வழிந்தது. கட்டில் இலக்கத்தைத் தட்ட வேண்டும், திரையில் வரும் பெயரைக் கூப்பிட வேண்டும், நோயாளி 'ஓம்' என்றதும் மருந்து கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே ஒழுங்கு.

திரையில் 'இராசதுரை, பென்சிலின் ஊசி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

முப்பது வருசம் ஊசி போட்ட ஆளுக்குக் கொம்பியூட்டரைக் கண்டு பயமா, இல்லாவிட்டால் கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று ஸாலிஹா சீண்டினாள்.

அன்னப்பூரணி ஊசியோடு கட்டிலடிக்குப் போனாள். படுத்திருந்தவருக்குக் காது மந்தம். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனிதர்.

"ஐயா, உங்கட பேர் என்ன?"

"ஓம்" என்றார் அவர்.

ஸாலிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்னப்பூரணி விடவில்லை. குனிந்து அவர் காதுக்குள் மூன்று தரம் கேட்டாள்.

"குஞ்சித்தம்பி. ஊர் பனிச்சங்கேணி" என்றார்.

ஸாலிஹா ஓடிப்போய் அந்தப் பெயரைத் தட்டினாள். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று சிவப்பில் வந்தது. விசாரித்தால், வாவிக் காற்றுக்கு ஆசைப்பட்ட மீன்பிடிகாரரான குஞ்சித்தம்பி, ஜன்னலோரத்துப் பதினோராம் கட்டிலை இராசதுரையிடம் கேட்டு வாங்கிப் படுத்திருக்கிறார்.

ஸாலிஹா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பேரைக் கூப்பிட்டிருந்தா இவர் ஓம் எண்டிருப்பார். ஊசியும் ஏறியிருக்கும்" என்றாள். நாளையிலிருந்து நோயாளி வாயாலேயே பெயரைச் சொல்ல வைக்க வேண்டும் என்று எல்லாத் தாதிகளுக்கும் அங்கேயே உத்தரவு போட்டாள். "இது எந்தப் பயிற்சியில படிச்சது அக்கா?"

அன்னப்பூரணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பயிற்சியும் இல்ல, ஒண்டும் இல்ல சிஸ்டர். எங்கட வீட்டுக்காரர்ர பேரும் இராச... அதுதான். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் அத வாயால சொன்னதில்ல."