ஏரிக்குள் போன குழாய்

"மே மாசத்துல ஏரியில தண்ணி. அதுவும் மோட்டார் தண்ணி. யாரை ஏமாத்த இந்த ஏற்பாடு?"

அரவிந்தன் காட்டாமணக்குச் செடியைக் காலால் விலக்கினார். அடியில் ஒரு கறுப்புக் குழாய் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்துத் தலைவி கலைமகள் முகத்தில் ஈயாடவில்லை.

அரவிந்தன் சென்னையிலிருந்து வந்தவர். ஒரு திட்டம் வந்தால், அதனால் அங்கே கண்ணுக்கு அழகான இடம் எவ்வளவு கெடும் என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. இப்படியொரு உத்தியோகம் இருப்பதே எங்கள் ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஏரியில் பாதியைத் தூர்த்து சுற்றுலா விடுதி கட்டப் போகிறார்களாம். பெயர் கூட வைத்துவிட்டார்கள், 'நாரை வியூ' என்று. நாரை உட்காரும் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எதை வியூ பார்ப்பார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

'இங்கே பெரிதாக ஒன்றுமில்லை' என்று அரவிந்தன் எழுதினால் மறுவாரமே மண் லாரி வந்து நிற்கும். 'கெட்டுப்போகும்' என்று எழுதினால் திட்டம் நிற்கும். அதனால் காலையிலிருந்து கலைமகள் அவரிடம் ஊர்ப் பெருமையை அளந்துகொண்டே வந்தார்.

"தீபாவளிக்கு எங்க ஊர்ல வெடி கெடையாது சார். நாரை மிரண்டுடும்னு. மாப்பிள்ளை அழைப்பா இருந்தாலும் ஏரிக்கரை வந்தா மேளத்தை நிறுத்திட்டுத்தான் நடப்பாங்க. இப்படி ஒரு ஊரை நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அத்தனை பேசியவர் இப்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

"சத்தியமா தெரியாது சார். பள்ளத்துல கெடக்குற தண்ணின்னுல்ல நெனச்சோம்."

"மேட்டூரை மூடி எத்தனை மாசம் ஆச்சும்மா? சுத்துவட்டாரத்துல அத்தனை ஏரியும் வெடிச்சுக் கெடக்கு. இங்க மட்டும் மரத்தடியில முழங்கால் தண்ணி. நான் வர்றேன்னு ரொப்பி வச்சுட்டு, அதை இயற்கை அழகுன்னு எழுதச் சொல்றீங்களா?"

போச்சு, ஏரி போச்சு என்றுதான் நினைத்தோம்.

குழாயைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் நடந்தோம். அது கரையேறி, தென்னந்தோப்புக்குள் புகுந்து, ஒரு மோட்டார் கொட்டகையில் போய் முடிந்தது. ஹபீப் முகம்மது பாயின் கொட்டகை. அங்கே மோட்டார் ஓடும் சத்தம் கேட்கத்தான் செய்யும். தென்னைக்கு ஓடுகிறது என்றல்லவா இருந்தோம்.

கலைமகளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"பாத்தீங்களா சார்? திட்டம் வரட்டும்னு ஊர்லயே முதல்ல கையெழுத்துப் போட்டது இந்த பாய்தான். விடுதிக்கு வாசல் வைக்க இவரு தோப்பைத்தான் வாங்கப் போறாங்க. உங்க முன்னாடி எங்களை ஃபிராடுன்னு ஆக்கிவிடத்தான் இப்படிப் பண்ணியிருக்காரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டதிலிருந்து பாயிடம் ஊரே முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சத்தம் கேட்டு பாய் வெளியே வந்தார். கைலியெல்லாம் கிரீஸ்.

"யாரு சொல்லி பாய் ஏரிக்குத் தண்ணி விடுறீங்க?" என்றார் கலைமகள்.

"யாரு சொல்லணும்? மாசி முடியறப்பவே ஏரி வத்த ஆரம்பிச்சிடுச்சு. மரத்துல பாத்தா, நாரை அப்பத்தான் அடுத்த ஈடு முட்டை வச்சிருக்கு. கீழ தண்ணி இல்லேன்னா நாய் நேரா மரத்தடிக்கு வந்துடும். தவறி விழுற குஞ்சு ஒண்ணு மிஞ்சாது. அதான் போட்டுவிட்டேன்."

"ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தோப்பை விக்கிறேன்னு கையெழுத்துப் போட்டவன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து சொல்றது? எம் மக ஹுமைராவுக்கு டாக்டர் சீட்டு கெடச்சிருக்கு. சவூதியில சம்பாதிச்சது வீடு கட்டினதோட தீந்துடுச்சு. அவளைப் படிக்க வைக்க இந்தத் தோப்பை விட்டா எனக்கு வேற வழி கெடையாது தலைவரம்மா."



அரவிந்தன் பைனாகுலரை எடுத்து நெடுநேரம் மரங்களையே பார்த்தார். கூட்டு விளிம்பில் குஞ்சுகள் வரிசையாக நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன.

"பறக்கத் தயாரா நிக்குதுங்க. நேத்து விட்ட தண்ணிக்கு வந்த குடும்பம் இல்ல இது" என்றார், குரல் இறங்கி. "அவசரப்பட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

எங்களுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பெருமையாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஏரிக்குத் தண்ணீர் கட்டுகிற ஆள் எங்கள் ஊரில்தானே இருக்கிறார்.

அரவிந்தன் பாயின் பக்கம் திரும்பினார்.

"ஆனா பாய், இத்தனை குஞ்சு வளர்ற இடத்துல கட்டடம் வரலாம்னு நான் எழுத மாட்டேன். விடுதி வரலேன்னா உங்க தோப்பை அவங்க வாங்க மாட்டாங்க. இது தெரியாம தண்ணி விட்டுட்டீங்களே."

"தெரியாமன்னு யாரு சொன்னா?" பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "போன வாரமே விடுதி கட்டுற கம்பெனி ஆளு வந்து வெவரமா சொல்லிட்டாரு. நீங்க பாத்துட்டுப் போற வரைக்கும் மோட்டாரை நிறுத்தி வைங்கன்னாரு."

"அப்புறம்?"

"அன்னிக்குத்தான் சார், ஒரு மோட்டார் பத்தாதுன்னு மன்னார்குடியிலேர்ந்து ஆயில் இன்ஜினும் ஒண்ணு வாடகைக்கு எடுத்தாந்தேன்."