பூட்டிய கதவு

புவனேஸ்வரத்துக் கல்லூரி வகுப்பில் மின்விசிறி கடகடக்கிறது. முப்பது வருஷம் அரசாங்கத்தில் புயல் நிவாரணம் பார்த்து ஓய்வு பெற்ற கைலாஸ் ஸ்வைனுக்கு வாத்தியாராக இன்று முதல் நாள். பத்துத் தொலைபேசிகள் அலறியபோதும் பதறாதவர், சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே நிற்கிறார். ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொல்லச் சொல்கிறார். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "லிப்ஸா தராய். கண்டியாபடா, ஸார்" என்கிறாள். சாக்பீஸ் முறிகிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு புயல் ராத்திரி அந்த ஊரிலிருந்து, "எல்லாரும் புயல் ஷெல்டருக்குப் போயாச்சு" என்று போன் வந்தது. அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பியவர் அவர். சனங்கள் போனது நிஜந்தான். ஷெல்டர் சாவியை வைத்திருந்தவர் கட்டக் நகரத்தில் மகள் வீட்டில் இருக்க, பூட்டிய கதவுக்கு வெளியே மழையில் நின்றார்கள். விடிந்தபோது ஏழு பேர் உயிரோடு இல்லை. இவளுக்கு என்ன வயதிருக்கும் அப்போது? அவள் உட்காரவில்லை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். கைலாஸ் சொல்கிறார்: "கதவு தொறந்திருக்கான்னு தெரியாம ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடக் கூடாது. இதான் முதல் பாடம்." பின்பெஞ்சில் ஒருவன், "பரீட்சைக்கு வருமா ஸார்?" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. லிப்ஸா சிரிக்கவில்லை. குனிந்து நிதானமாக எழுதி முடித்து நிமிர்கிறாள். "கையெழுத்துப் போட்டவர் பேரையும் எழுதிக்கட்டுமா, ஸார்?"